ஜீப்பு நிற்காத முக்கு

அன்றைக்கு ஜீப்பு நிற்காமல் போனபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சட்டக் கல்லூரிக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடிப்பதற்காகத் தெருமுக்கில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் சரியாக விடியவில்லை. பக்கத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர். சேலைக்கு மேலே பழைய ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, கக்கத்தில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் எல்லோரும் இப்படித்தான் கிளம்புவார்கள்.

ஜீப்பு வந்தது. அக்கா கையை நீட்டினார். வேகம் குறையவில்லை. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எங்களைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். வண்டி மலைரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. நீட்டிய கையை அக்கா கொஞ்ச நேரம் இறக்கவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்பு, நீ வக்கீலுக்குத்தானே படிக்கிற? ஜீப்பு நிக்க மாட்டேங்குதே, இதுக்கு ஒரு சட்டம் கிட்டம் இருக்கா?”

இருக்கும் என்றேன். என்ன சட்டம் என்று தெரியாது. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காசு வாங்காமல் இந்த மாதிரி ஆட்களுக்குச் சட்ட வேலை செய்ய வேண்டும், அதற்கு எங்கேயாவது தொண்டராகச் சேர வேண்டும், இன்றைக்கே சேர வேண்டும். பஸ்சு கல்லூரி போய்ச் சேர்வதற்குள் செல்போனிலேயே கண்ணில் பட்ட அமைப்புகளுக்கெல்லாம் மெயில் அனுப்பிவிட்டேன். எனக்கு எதுவும் வெரசாக நடக்க வேண்டும். சும்மா வேலை செய்கிறேன் என்று சொல்கிறவனுக்கு வேலை கிடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போது தெரியவில்லை.

அக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து கேரள எல்லை தாண்டி மலைவேலைக்குப் போகிறவர்களுக்கு நியமன உத்தரவு, அடையாள அட்டை எதுவும் கிடையாது. ஜீப்பில் ஓர் இடம் இருந்தால் தோட்டத்தில் வேலை இருக்கிறது. இடம் போனால் வேலையும் போச்சு. அரசு பஸ்சு இருக்கிறதே என்றால், அது மெயின் ரோட்டோடு போய்விடும். தோட்டம் உள்ளே கிடக்கிறது. பஸ்சு போடிமெட்டு ஏறி நிற்பதற்குள் மேலே பேர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள்.

ஜீப்பில் ஏற்றக்கூடிய அளவைவிட ஆட்கள் எப்போதும் கூடுதலாகத்தான் இருப்பார்கள். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனைச் சாவடிக்கு முந்தின வளைவில் வண்டி நிற்கும். சிலர் இறங்கிக் குறுக்குப் பாதையில் நடப்பார்கள். சாவடி தாண்டி மறுபடி ஏறிக்கொள்வார்கள். இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை. யாரும் இதை வழக்கம் என்றுகூடச் சொல்வதில்லை. ‘இறங்குறவுக இறங்குங்க’ என்று டிரைவர் குரல் கொடுப்பார், அவ்வளவுதான்.

ஒரு மழைநாளில் முறை வந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு. அவளுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவளுக்குப் பதிலாக இறங்க வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு அன்றைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. டிரைவர் திட்டியபடியே வண்டியை எடுத்தார். சாவடியில் எண்ணினார்கள். வண்டி மேல் கேசு விழுந்தது. சில நாள் ஜீப்பு ஓடவில்லை. மறுபடி ஓடியபோது எங்கள் முக்கில் நிற்கவில்லை. மற்ற ஜீப்புகளும் நிற்கவில்லை, அக்கா வேறு முக்கில் போய் நின்று பார்த்தும். டிரைவர்கள் எல்லோரும் ஒரே டீக்கடையில் டீ குடிக்கிறவர்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் இல்லை. ஒரே பெண், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்துவிடு என்று அக்காவின் தங்கச்சி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போனால் பெண்ணின் படிப்பை நடுவில் பிய்த்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அவளை இங்கே யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். ஜீப்பு நின்றால் இரண்டும் வேண்டாம். நான் தேடிக்கொண்டிருந்த சட்டம் அந்த முக்கில் ஒரு வண்டியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் கல்லூரிப் பேராசிரியரிடம் போனேன். சட்ட உதவி முகாம் ஒன்று பக்கத்துக் கிராமமான சிலமலையில் நடக்கிறது, தொண்டராக வா என்றார். குதித்துக்கொண்டு போனேன். வேலைநாள், நல்ல உச்சிவெயில். தோட்டந்துரவில் வேலை இருக்கிறவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்காலியில் இருந்தது வயசானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும். மேடையில் நுகர்வோர் உரிமை பற்றிப் பேசினார்கள். பேனர் காற்றில் ஆடாமல் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது என் பொறுப்பு. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, பஸ்சை ஊருக்குள் விடச்சொல்ல முடியுமா என்று கேட்டார். அது இந்த முகாமில் வராது என்றார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் என் கை மட்டும் இருக்கிறது, கயிற்றோடு.

மெயில் போட்ட இடங்களில் டெல்லிக்காரர்கள் மட்டும் பதில் அனுப்பினார்கள். வீட்டிலிருந்தபடியே தீர்ப்புகளைச் சுருக்கி எழுதித் தர வேண்டும். எழுதினேன். எல்லாம் இணையத் தகவல் பாதுகாப்பு பற்றி. நான் அதை எழுதிக்கொண்டிருந்த காலைகளில் அக்கா முக்கில் நிற்பது ஜன்னல் வழியே தெரியும். ஜீப்பு போகும். அவர் திரும்பி வருவார். அப்புறம் சிலமலைப் பக்கம் களையெடுக்க ஆள் கேட்கிறார்களா என்று பார்க்கப் போவார். சில நாள் கேட்பார்கள், சில நாள் கேட்க மாட்டார்கள். சுருக்கி எழுதுவதை ஒருநாள் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை அந்தப் பக்கம் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மலைக்கு மேலே தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு குழுவைக் கண்டுபிடித்துப் போன் போட்டேன். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் வாயில் வரும் ‘சேச்சி’யும் ‘பணி’யும் தெரியும். அது போதாது என்று அவர்களுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

பிறகு ஊரிலேயே ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் போய் நின்றேன். அவர் நல்ல மனிதர். எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“யாருப்பா வேலைய விட்டு நிறுத்துனது? தோட்டத்து முதலாளியா?”

“இல்ல சார்.”

“கணக்குப்பிள்ளையா?”

“அவரும் இல்ல சார். ஜீப்பு நிக்கல, அவ்வளவுதான்.”

“அப்ப யாரு மேல கேசு போடப் போற? ஜீப்பு மேலயா?”

அவருடைய குமாஸ்தா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜீப்புக்காரர் இவரைத்தான் ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. தோட்டத்தில் யாரும் இவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டம் கேரளாவில், ஆள் தமிழ்நாட்டில். நான் படித்த புத்தகங்களில் வேலைநீக்கம் என்றால் நீக்கியவர் ஒருவர் இருப்பார். இங்கே அப்படி யாருமே இல்லை. வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்துக்குக் கொஞ்ச நாள் போனேன். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவேன். செராக்ஸ் எடுப்பேன். ‘டீ கொண்டா தம்பி’ என்றால் கொண்டுவருவேன். காசு வாங்காமல் உழைத்தேன் என்பது மட்டும் சத்தியம். யாருக்காக என்றுதான் தெரியவில்லை. வீட்டில் அம்மா, சும்மா செய்கிற சோலிக்கு எதுக்கு இப்படி ஓடுறே என்று கேட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டார்.

அப்படிக் கோர்ட்டுக்குப் போய்வந்ததில் ஒரு நன்மை. வளாகத்தின் ஓரத்தில் இலவசச் சட்ட உதவி அறை ஒன்று இருப்பதைப் பார்த்தேன். உள்ளே ஒரு மேடம். தொண்டர்களை எடுப்பதற்கு அறிவிப்பு வரும், அப்போது விண்ணப்பம் போடு என்றார். அதுவரை சும்மா வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெஞ்சைக் காட்டினார்.

மத்தியான வகுப்பு இல்லாத நாளெல்லாம் போய் உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்கு மனு எழுதித் தரலாம் என்று பேனாவோடு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வந்தால் பக்கத்துத் தாலுகா ஆபீசுக்கு வழி கேட்டு வருவார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றும். மேடம் வேலையைப் பார்ப்பார். ஐந்தே முக்காலுக்குப் பூட்டுவோம். பூட்டிவிட்டு நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தால் எதிரே மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கிவரும், ஒன்றன்பின் ஒன்றாக. ஈரச் சட்டையும் அட்டை கடித்த காலுமாகப் பெண்கள் இறங்குவார்கள்.

இது தினம் நடந்தது. ஆனாலும் என் மண்டையில் உறைக்கவில்லை. விடிவதற்கு முன்னால் மலையேறுகிறவர்கள், பூட்டின பிறகு இறங்குகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் இருப்பார்கள், அறை திறக்காது. இந்த அறைக்கு அவர்கள் எப்போது வருவார்கள்?

உறைக்க வைத்தது ஒரு ஹர்த்தால். ஒருநாள் மத்தியானம் போனால் அறைக்கு வெளியே செருப்புகளாகக் கிடக்கின்றன. பெஞ்சில் இடமில்லை. மேடம் என்னைப் பார்த்ததும், எங்கே போய்த் தொலைந்தே என்பது மாதிரி பார்த்தார். பட்டா மாற வேண்டியவர்கள், புருஷன் அடிக்கிறவர்கள், விதவை உதவித்தொகை நின்றுபோனவர்கள். மூன்று பேனாவில் மை தீரும் வரை எழுதினேன் என்று சொல்ல ஆசை. ஒரு பேனாதான், அதுவும் கடைசிவரை எழுதியது. இன்றைக்கு என்ன இத்தனை கூட்டம் என்று மேடம் ஒருவரிடம் கேட்டார்.

“மேல ஹர்த்தால் மேடம். ஜீப்பு போகல. அதான் இங்கிட்டு வந்தோம்.”

மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஹர்த்தால், கடையடைப்பு என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள். இந்தப் பக்கம் எல்லா ஆபீசும் திறந்திருக்கும். பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன், இப்படி ஒரு நாள் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. ஜீப்பில் இடமில்லாதவருக்கு ஹர்த்தால் லீவும் கிடையாது. களையெடுக்கப் போயிருந்தார்.

மறுநாள் மேடத்திடம் பேசினேன். கேசு போடாமலே இரண்டு தரப்பும் வந்து பேசித் தீர்த்துக்கொள்ள மனு கொடுக்கலாம் என்றார். ஆனால் இரண்டு பேரும் மனம் ஒப்பி வர வேண்டும். யாரையும் இழுத்துவர முடியாது. என்னைப் பற்றியும் சொன்னார்: “நீ பக்கத்துல நிக்கலாம் தம்பி. வக்கீல் மாதிரிப் பேசக் கூடாது. இன்னும் நீ வக்கீல் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை டிரைவரைத் தேடிப் போனேன். குரங்கணி ரோட்டில் ஆற்றோரம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் சொந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ளே.

“என்ன வக்கீல் மாப்ளே, நோட்டீசு கொண்டாந்திருக்கியா?”

“இல்ல மாமா. பேசத்தான் வந்தேன்.”

“பேசு. பேசிக்கிட்டே அந்தப் பக்கத்து டயரத் தேயி.”

தேய்த்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு சாயங்காலமும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை போன் போட்டு, நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்பார். ஒரு ஜீப்பு கொள்ளாத ஆள். குறைத்துக் கொண்டுபோனால் அடுத்த நாள் வேறு ஜீப்பைச் சொல்லிவிடுவார். வளைவில் இறக்கி நடக்க வைப்பது அவருக்கும் பிடித்த காரியம் இல்லை. கேசு இன்னொருதரம் விழுந்தால் வண்டி வீட்டில் நிற்கும், அவரும் நிற்பார்.

அக்கா மேல் அவ்வளவு கோபமா என்று கேட்டேன். வாளியிலிருந்த தண்ணீரை வண்டிமேல் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கோவமெல்லாம் இல்ல மாப்ளே. பயம். அன்னிக்கு அவுக ஒக்காரச் சொன்னாக. நாளைக்கு எல்லாரும் ஒக்காந்துட்டா நான் யாரத்தான் ஏத்திட்டுப் போறது?”

அவர் ஒரே ஒரு உறுதி கேட்டார். முறைப்படி இறங்கி நடப்பேன் என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அப்போது முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். திருப்பூருக்கான பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதில் என்ன வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

“நான் எறங்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன் அப்பு? இம்புட்டு வருசம் நடந்தவதான். எம்முறை வந்தா நொண்டிக்கிட்டாச்சும் நடக்குறேன். காய்ச்சக்காரப் பிள்ளைய மழையில எறக்குனா, அன்னிக்கி மாதிரிதான் செய்வேன். அதையும் சேத்துச் சொல்லிரு.”

சேர்த்துச் சொன்னேன். டிரைவர், உடம்புக்கு முடியாதவர்களை நடக்க வைக்க வேண்டாம் என்று தன் மனசிலும் இருக்கிறது என்றார். இதையெல்லாம் சட்ட உதவி அறையில் மேடம் முன்னால் வந்து பேசி முடிக்கலாம் என்றேன். பகல்நேரம் எப்படி வருவது என்றார். அடுத்த ஹர்த்தாலுக்கு என்றேன். சிரித்துவிட்டு, சரி என்றார். அன்றிலிருந்து கேரளச் செய்திகளை நான் படித்த மாதிரி என் வகுப்பில் யாரும் பாடத்தைப் படித்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு ஊரே முடங்கும் நாளுக்காக ஏங்குவது நல்ல புத்தியா என்று தோன்றும். அதை யோசிக்கத் தெம்பு இருக்காது.

இப்போது ஹர்த்தால் அறிவிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை, அதாவது நாளைக்கு. டிரைவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், சட்டென்று முடித்துவிடுவார்களா என்றும் கேட்டார். அக்கா களையெடுப்புக்கு வரமாட்டேன் என்று சிலமலையில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாளாக ஒரு நெருடல். அந்த அறையில் உட்கார்ந்து இவர்கள் எதைப் பேசுவார்கள்? கூடுதலாக ஏற்றிய வண்டியில் யார் எப்போது இறங்கி நடப்பது என்பதை மேடம் முன்னால் எப்படிச் சொல்வது, எந்தத் தாளில் எழுதுவது? சொன்னால் டிரைவர் மாட்டுவார். சொல்லாவிட்டால், அக்காவை ஏன் ஏற்றவில்லை என்பதற்குக் காரணமே இல்லாமல் போகும். சட்டம் படிக்கிற நான், நெருக்கியடித்த ஜீப்பில் இன்னும் ஒரு ஆளைத் திணிக்கத்தான் இத்தனை அலைந்திருக்கிறேன்.

டயரைத் தேய்த்தபோது கேட்டது நேற்றுத்தான் மறுபடி ஞாபகம் வந்தது. ஒரு ஜீப்பு கொள்ளாத ஆளைக் கேட்பது கணக்குப்பிள்ளை. கேசு விழும்போது அவர் வண்டியில் இல்லை. முக்கில் ஜீப்பு நிற்காதபோதும் அவர் அங்கே இல்லை. வழக்கறிஞர் யார் மேல் கேசு என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் இருக்கிறவர் இவர் ஒருவர்தான். அவர் வீடும் போடியில்தான் இருக்கிறது. நாளைக்கு அவரும் மலையேற மாட்டார்.

அவர் வரமாட்டார் என்கிறார் டிரைவர். தோட்டத்து ஆள் நமக்காக எதற்கு வெயிலில் நடந்து வரப்போகிறார் என்கிறார். அக்காவுக்கு வேறு கவலை.

“ஹர்த்தால வாபஸ் வாங்கிற மாட்டாகல்ல அப்பு?”

வாங்க மாட்டார்கள் என்றேன். அன்றைக்குச் சட்டம் இருக்கும் என்று சொன்ன அதே தைரியத்தில்தான் சொன்னேன்.

இன்று சாயங்காலம் ஜீப்புகள் இறங்கினதும் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போகப் போகிறேன். மனு, சட்டப்பிரிவு எதுவும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆள் அதிகம் வேண்டுமென்றால் இன்னொரு ஜீப்புச் சொல்லுங்கள், அதில் எங்கள் முக்கில் நிற்கிற அக்காவுக்கு ஓர் இடம் கொடுங்கள், இதை நாளைக்குக் காலையில் மேடம் முன்னால் வந்து சொல்லுங்கள். கதவைத் தட்டியதும் இதில் இன்னொரு ஜீப்பு என்கிற முதல் பாதியை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். வேகமாகப் பேசினால் எனக்கு மூச்சு வாங்கும். இன்றைக்கு மெதுவாகப் பேசிப் பார்க்கிறேன்.